விட்ட வார்த்தையிலிருந்து

கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில், ஒரு மாடி அறையில், என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் அமெரிக்க வரலாறு டியூஷன் எடுத்தார். மகளை அழைத்துப்போக நான் வாசலருகே காத்திருப்பேன். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வருவதால் அவருக்குக் குரல் கம்மியிருக்கும், கண்கள் சிவந்திருக்கும். ஈராக்கில் போர் தொடங்கியிருந்த சமயம் அது. ஊருக்கு வெளியே இருந்த தளத்திலிருந்து கிளம்பும் அமெரிக்க ராணுவ விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்வார்.

ஒருநாள் என் மகள் கேட்டாள், "சார், இப்ப நடக்குற சண்டையும் எக்ஸாம்ல வருமா?"

"உங்க பேட்சுக்கு வராதும்மா," என்றார். "உங்க பிள்ளைங்க எழுதுறப்ப வரும். ரெண்டு மார்க் கேள்வியா."

பெண்கள் சிரித்தார்கள். அதற்குள் அடுத்த விமானம் வந்துவிட்டது. மார்க்கரைப் பிடித்தபடி அவர் பேசாமல் நின்றார். அந்த முகத்தில் இருந்தது வெறும் அலுப்புதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.