பாட்டில் மட்டும் வந்த பேச்சு

விசுவாசக் குடும்பத்தாரே, இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆண்டவர் செய்த உதவியும் அதற்குள்தான் இருக்கிறது.

என் பெயர் கிரேஸ். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை. காய்ந்த மண் சாமான்களின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவோம். என் கணவர் சாமுவேல் அதே கம்பெனியில் அச்சு செய்கிறவர். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பவரும் அவர்தான்.

2006-ஆம் வருடம், ஆடி மாதம். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில், மூளையின் இடது பக்கம் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தார். ஒரு மாதம் கழித்து, வலது காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு வந்தார். வலது கை தொங்கியது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. "போ."

தண்ணீர் வேண்டுமென்றாலும் போ. வலித்தாலும் போ. மகள் ஸ்கூல் விட்டு வந்தால், ஆசையாகக் கையை நீட்டிக்கொண்டு போ. அவள் பயந்து என் பின்னால் ஒளிவாள். அவர் இடது கையால் தன் நெற்றியில் அடித்துக்கொள்வார்.

ஜெபிக்க வந்தவர்களையும் "போ போ" என்றுதான் வரவேற்றார். சிலர் மனம் கோணித் திரும்பிப் போனார்கள். அப்போதுதான் வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் எங்கள் ஊரில் கூட்டம் நடத்த வந்தார். என் கணவரை அவரிடம் கூட்டிப்போனேன்.

"இது வியாதி இல்லம்மா. உள்ள இருக்கற ஆவிதான் நம்மளப் போ போன்னு வெரட்டுது. நாப்பது நாள் உபவாசம் இருங்க. நாப்பதாவது நாளு நான் திரும்ப வருவேன். இவரு மைக்கப் புடிச்சி சாட்சி சொல்லுவாரு" என்றார்.

இருந்தேன். பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து வேலை செய்தேன். இரண்டு முறை மயங்கி விழுந்தேன். நாற்பதாம் நாள் என் கணவரை மேடையில் ஏற்றி, வாயருகே மைக்கை நீட்டினார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போ" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஊழியக்காரர் மேடையை விட்டு இறங்கும்போது என்னிடம், "உங்ககிட்ட விசுவாசம் பத்தலம்மா" என்றார்.

அன்றோடு சபைக்குப் போவதை நிறுத்தினேன். ஜெபத்தை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஆனால் அது ஜெபமா, சண்டையா என்று எனக்கே தெரியாது. காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது, "நேத்தும் ஒண்ணும் நடக்கல ஆண்டவரே" என்பேன். அவ்வளவுதான். மாதக்கணக்கில் அந்த ஒரு வரிதான் என் ஜெபம்.

எங்கள் பாஸ்டரம்மா மட்டும், எனக்கு வார லீவான புதன்கிழமைதோறும் மதியம் வருவதை விடவில்லை. ஒருநாள் அவரிடம் எரிந்து விழுந்தேன்.

"நம்பிக்கை வையி, நம்பிக்கை வையின்னு எல்லாரும் சொல்றீங்களே. எத நம்பறது? தேதி சொன்னாங்க, நம்பினேன். என்னாச்சி?"

"எப்ப நடக்கும்னு எனக்கும் தெரியல கிரேஸு. நடக்குமான்னும் தெரியல. ஆனா நீ தெனமும் சண்ட போடறியே, அவரு கேக்கறாருன்னு நம்பிதான போடற?" என்றார் பாஸ்டரம்மா.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த புதன்கிழமை, அவர் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல ஒரு பழைய கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்டரம்மாவுக்கு இருமல் வந்து அவர் குரல் நின்றது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஓர் ஆண் குரல் அடுத்த அடியைப் பாடியது. பக்கத்து வீட்டு ரேடியோ என்றுதான் நினைத்தேன். ஓடிவந்து பார்த்தால் என் கணவர். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல்கூடச் சிதையாமல், கடைசிச் சரணம் வரை பாடினார்.

அவர் முன்னால் மண்டியிட்டு, "ஏங்க, என் பேரச் சொல்லுங்க" என்றேன்.

"போ" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டைக் கொடுத்த ஆண்டவருக்குப் பேச்சைக் கொடுக்க முடியாதா?

மறுவாரம் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "பேச்சு இருக்கற எடம் அடிபட்டிருக்குது. பாட்டுக்கு மூளையில வேற எடமும் உதவி செய்யும். அந்த வழியா பேச்ச இழுத்துட்டு வரலாம். நாளாகும், விட்றாதீங்க." அவரைப் பிடித்திருந்தது ஆவி அல்ல என்று அன்றுதான் எனக்கு முழுதாகத் தெளிந்தது. நாற்பது நாள் பட்டினி கிடந்ததை நினைத்து பஸ்ஸில் அழுதேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே ராகம்தான். சோறு, தண்ணி, சட்டை, வலி என்று ஒவ்வொரு சொல்லையும் கீர்த்தனை மெட்டில் போட்டு, அவர் இடது கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் வாரம் "கிரே... ஸு" என்று பாடினார். "கொழம்புல உப்பு இல்ல" என்பதைக்கூடப் பாடினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அப்பாவிடம் இருந்த பயம் போனது. எனக்கோ பொறுமை போனது. ஒருநாள் வந்த சொல் மறுநாள் வராது. தட்டைத் தூக்கி எறிவார். நானும் கத்துவேன். பிறகு இரண்டு பேரும் முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

அடுத்த வருடம் புரட்டாசியில் ஒரு சாயங்காலம், கம்பெனியில் லோடு ஏற்றிவிட்டுக் களைத்துப்போய் வந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ராகமில்லை, கைத்தட்டும் இல்லை. மெதுவாக, திக்கித் திக்கிக் கேட்டார்.

"நீ... சாப்ட்டியா?"

பதினான்கு மாதமாக என்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை அடுப்பின் முன்னால் நின்றபோது என் வழக்கமான வரியைச் சொல்ல முடியவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றேன், வெட்கத்தோடு.

வலது கை இன்றுவரை திரும்பவில்லை. நீளமாகப் பேசினால் தடுமாறுவார். சபைக்கு மறுபடி போகிறோம். தேதி குறித்துக்கொடுப்பவர்களை நான் இப்போது நம்புவதில்லை. கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நம்புகிறேன். உங்கள் வீட்டிலும் பதில் வராத ஜெபம் ஒன்று இருக்கலாம். நல்ல வார்த்தை வரவில்லையென்றால் பரவாயில்லை, சலித்துக்கொண்டே கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறவர் அல்ல.