ஆடியில் பூட்டிய வீடு

வாடகைக்கு ஒரு வீடு கட்டலாம் என்று முடிவானதுமே எங்கள் வீட்டில் பெரிய சண்டை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நாங்கள் குடியிருந்தது பழங்காநத்தத்தில், சொந்த வீடு. அதன் மேலேயே ஒரு மாடி எடுத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

"குழாய் ஒழுகுனா படியேறிப் போயிப் பாத்துரலாம். குடியிருக்கிறவன் நம்ம கண்ணு முன்னாடியே இருப்பான். இத விட என்ன சௌகரியம் வேணும்?"

எனக்கு அந்தக் 'கண்ணு முன்னாடி'தான் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்தால், தலைக்கு மேலே கிரைண்டர் ஓடுவதையும் கேட்க வேண்டுமா? அதே பணத்துக்கு ஊரின் மறுகோடியில், ஒத்தக்கடையில் மனை வாங்கித் தனி வீடே கட்டலாம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நான் நின்றால் நின்றதுதான்.

குடியிருந்த வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிக் கட்டினோம். ஒத்தக்கடையில் வருகிற வாடகைதான் மாதத் தவணை. வாடகை நின்றால் நாங்கள் படுத்துறங்கும் வீட்டுக்கே ஆபத்து. தெரிந்துதான் துணிந்தேன்.

முதலில் ஒரு கல்லூரி ஆசிரியர் குடிவந்தார். ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, மாற்றலாகி, ஆனி மாத நடுவில் காலி செய்தார். அந்த வாரமே ஒரு சௌராஷ்டிரக் குடும்பம் வீடு பார்க்க வந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்குச் சேலை வாங்கி விற்கும் தொழில். தங்களுக்குள் அவர்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தம்மா சிரித்தபடி அட்வான்ஸை நீட்டினார்.

"அக்கா, வீடு மனசுக்குப் புடிச்சிருக்கு. ஆனி முடியிறதுக்குள்ள பால் காச்சிருவோம்."

எனக்கு வாங்க மனசு வரவில்லை. மாதச் சம்பளக்காரர் என்றால் பயமில்லை. வியாபாரம் படுத்தால் வாடகையும் படுத்துவிடுமே! வளையல் குலுங்கக் கையை ஆட்டி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அரசாங்க உத்தியோகத்தில் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். ஆடி பிறந்துவிட்டது.

ஆடியில் எங்கள் ஊரில் யார் வீடு மாறுவார்கள்? ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து எவனோ ஒரு புண்ணியவான் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த மாதத் தவணைக்கு என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வீட்டுக்காரர் திட்டவில்லை. "மாடி எடுத்திருந்தா மோட்டாரு போயிருக்குமா, டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம். அடுத்த தவணைக்கு என்ன வழி என்று தெரியவில்லை.

ஆடி பத்துக்கு மேல் அந்தம்மா மறுபடி வந்து நின்றார்.

"அக்கா, வீடு இன்னும் சும்மாத்தானே கெடக்கு?"

"ஆடியில எப்படிம்மா?"

"பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானேக்கா, அன்னைக்கு வாரோம். பூட்டா ஒங்களுக்கு வாடகை குடுக்கும்?"

உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தேன்.

பன்னிரண்டு வருஷம் இருந்தார்கள். வாடகை பிந்தப்போகிறது என்றால் முன்கூட்டியே வந்து சொல்லிவிடுவார்கள். ஒருமுறை பக்கத்து மனைக்காரர் எல்லைக் கல்லை எங்கள் இடத்துக்குள் தள்ளி நட்டுவிட்டார். "அண்ணே, நீங்க புடுங்குறீங்களா, நான் புடுங்கவா?" என்று இந்த அம்மா போய் நின்றிருக்கிறார். சேதி கேட்டு நான் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் கல் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அங்கே அப்படி ஒருவர் இருந்ததால்தான் இங்கே நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். கடன் தீர்ந்து பத்திரம் கைக்கு வந்தபோது, "ஒன் பிடிவாதத்துக்கு இல்ல, அந்தப் புள்ளைக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார் வீட்டுக்காரர். வாழ்நாளில் அவர் பேச்சை நான் மறுக்காமல் கேட்டது அன்றுதான்.

பிறகு அவர்கள் விளாங்குடியில் சொந்தமாக வீடு கட்டினார்கள். வைகாசியில் புதுமனை புகுவிழா. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆனால் ஆவணியில்தான் காலி செய்வோம் என்றார்கள். ஏதோ வேலை பாக்கி போல என்று நினைத்துக்கொண்டேன். ஆடியில் ஒருநாள் ஒத்தக்கடைக்குப் போனால், சாமான்களெல்லாம் மூட்டை கட்டிக் கிடக்கின்றன. அடுப்பும் பாயும் மட்டும்தான் புழக்கத்தில்.

"புது வீட்ட விட்டுப்புட்டு இங்க வாடகை குடுத்துக்கிட்டு என்னம்மா பண்றீங்க?"

"ஆனியில போயிட்டா ஆடி பூரா வீடு பூட்டிக் கெடக்கும்லக்கா."

"கெடந்தா கெடக்குது. கடன்தான் தீந்துபோச்சே!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதத் தடவ வந்தப்ப இந்தக் கையில வளையல் இருந்துச்சு. ஆடியில சாவி குடுத்தப்ப வெறுங்கை. நான் பாத்தேங்க்கா."

பன்னிரண்டு வருஷமாக அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. ஒரே அதட்டலில் வகுப்பையே அடக்குகிறவள் நான், அந்த மூட்டைகளுக்கு நடுவே நின்று அழுதுவிட்டேன்.