ஏழாம் படுக்கையின் மணியும் அழித்த கோப்பும்

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பத்தொன்பது வருடமாக அங்கே அவருக்குப் பெயரே லினக்ஸ்காரர்தான். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுசு போய்விடும்.

ஒரு வியாழக்கிழமை காலை சர்வர் நின்றுபோனது. நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. இவர் போய்ப் பார்த்தால், டிஸ்க்கில் ஊசி குத்த இடமில்லை. அத்தனையையும் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு லாக் கோப்பு. படுக்கையில் நோயாளி அழுத்தும் மணி நர்ஸ் மேஜைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவு அது. முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து ஒரே வரிதான், கோடிக்கணக்கில்: 'நர்ஸ் மேஜையோடு தொடர்பு இல்லை.' கேபிள் கழன்றிருந்தது.

நகல் எடுத்துவிட்டுத்தான் லாக்கைக் காலி செய்ய வேண்டும். அவரே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. ஆனால் ஃபோன்மேல் ஃபோன். நகல் எடுக்காமலே காலி செய்தார், கேபிளை மாட்டினார். வரிசை நகர்ந்தது.

பிறகுதான் சேதி தெரிந்தது. முந்தைய நாள் மத்தியானம் ஏழாம் படுக்கைப் பெரியவர் மணியை அழுத்தி அழுத்திப் பார்த்து, யாரும் வராததால் தானே இறங்கி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வார்டு நர்ஸை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். மணி அடிக்கவே இல்லை என்று அந்த அம்மாள் சொன்னதை யாரும் நம்பவில்லை. இவர் கேபிளை மாட்டிய பிறகு சோதித்துப் பார்த்தால் மணி நன்றாக அடிக்கிறதே.

சாப்பிட வந்தவர் தட்டைத் தொடாமல் இதையெல்லாம் சொன்னார்.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். ஆமாம், நான்தான் கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு வேலை போயிடும்."

"உங்களுக்குப் போனா?"

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

விசாரணையில் போய், கேபிள் கழன்றிருந்ததைச் சொல்லிவிட்டார். லாக்கில் இருந்தது என்றதும் ஆதாரம் கேட்டார்கள். "நான்தான் சார் அழிச்சேன். அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சேன்" என்றாராம். அவர் கையெழுத்திலேயே இருந்த விதியைச் சுவரிலிருந்து கிழித்து வந்து அவர் முன்னால் வைத்தார்கள். நர்ஸுக்கு வேலை நிலைத்தது. இவரை மாதக் கடைசியோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனுஷனிடம் ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த நர்ஸ் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணா, உங்ககிட்ட மறைக்க முடியலை. அன்னிக்கு ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தேன். மேஜையில தலை வெச்சுத் தூங்கிட்டேன். மணி அடிச்சிருந்தாலும் எழுந்திருப்பேனான்னு எனக்கே தெரியலை."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இவர் பேசிவிட்டார்.

"அடிச்சிருந்தா எழுந்திருப்பீங்கம்மா."

அதைக் கேட்டதும் அந்த அம்மாள் குலுங்கி அழுதார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.