மெத்தைக்குள் போன ஜன்னல்கள்

கண்ணாடிக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமைதான். தொழிலுக்கு வந்த நாள் முதல் அவர் கையால் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. புதிதாக யாரைப் பார்த்தாலும் தன் பெயருக்கு முன்னால் இதைத்தான் சொல்வார். அந்தப் பெருமையில் எப்போது கீறல் விழும் என்று அவர் மச்சினன் வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

புயல் வருகிறது என்று டிவி அலறத் தொடங்கியதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையிலிருந்த பலகைகளையெல்லாம் தெருக்காரர்களின் ஜன்னல்களுக்கு அடித்துக் கொடுத்துவிட்டு வந்தால், சொந்த ஜன்னலுக்கு ஒரு சிராய்கூட மிச்சமில்லை. மனிதர் யோசித்தார். உளியை எடுத்தார். சட்டங்களிலிருந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கட்டிலில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே பச்சைக்குழந்தையைப் போலப் படுக்கவைத்து, மேலே போர்வையும் போர்த்தினார்.

மனைவி வந்து பார்த்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் வானம் இருந்தது.

“என்னங்க இது?”

“கண்ணாடியெல்லாம் பத்திரம். இனி எப்பேர்ப்பட்ட காத்தடிச்சாலும் உடையாது.”

“அது சரி. நாங்க?”

அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.

அவசர அவசரமாகக் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பு படபடவென்று அடித்துக்கொண்டது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மச்சினன் செய்தி வாசிப்பவரின் குரலுக்கு மாறினான்.

“புயல் எங்கள் வீட்டை நோக்கி விரைகிறது. கதவைத் தட்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை என்று வானிலை மையம் தெரிவிக்கிறது.”

“டேய், வாயை மூடுறா! எவனாவது அந்த மெத்தை மேல உக்காந்தீங்க, தொலைச்சிருவேன்!”

அன்று முழுக்கக் கட்டிலுக்குக் காவல் நின்றார். சாப்பாடும் நின்றபடியேதான். மனைவி தலையணை எடுக்க வந்தால்கூட “மெதுவா, மெதுவா” என்று பதறினார்.

சாயங்காலம் மச்சினன் ஓடி வந்தான். “மாமா! புயல் திசை மாறிடுச்சு! நடுக்கடலுக்கே திரும்பிப் போயிடுச்சாம்!”

“நெசமாவா?”

“சத்தியமா மாமா!”

“அப்பாடா!” என்று நெஞ்சில் கை வைத்தபடி கண்ணாடிக்காரர் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. மெத்தைக்குள் யாரோ பல்லைக் கடித்தது போல ஒரு நறநறப்பு, அவ்வளவுதான்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது. மச்சினன் தொண்டையைச் செருமினான்.

“சற்று முன் கிடைத்த செய்தி. புயல் எங்கள் வீட்டு மெத்தையில் கரையைக் கடந்தது. உயிர்ச்சேதம் இல்லை.”

கண்ணாடிக்காரர் இம்மியும் நகராமல் சொன்னார்: “கையால உடைக்கலடா. நல்லா கேட்டுக்கோ, கையால ஒண்ணுகூட உடைக்கல.”