கொழும்பானின் காதில் ஒரு துளி இரத்தம்

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடங்கள் போயிருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த காலம். கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில் எங்கள் வீட்டில் நடந்த கதை இது. இப்போது சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஒரு பூனைக்காகவா இவ்வளவு என்று சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் கணவர் கட்டாரில் சாரதி. வீட்டில் நானும் அவருடைய உம்மாவான என் மாமியும் மட்டும்தான். நான் அபாயா தைத்துக் கொடுக்கிறேன். மூன்றாவது ஆள் கொழும்பான். மீன் ஏற்ற வந்த கூலர் லொறியில் எப்படியோ கொழும்பிலிருந்து ஏறி வந்து எங்கள் ஊரில் இறங்கிய செம்பூனை, அதனால் அந்தப் பெயர். என் கணவர்தான் தூக்கிவந்து வளர்த்தார். வெளிநாடு போகிற அன்று வாசலில் நின்று கடைசியாக என்னிடம் சொன்னது, "அவனைப் பாத்துக்கோ" என்றுதான். எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை!

அவர் போய் ஒரு வருடத்துக்குள் கொழும்பான் மெலியத் தொடங்கினான். தின்னாமல் இல்லை. வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு இன்னும் தா என்று கத்துவான். ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் இடித்தது. தண்ணீர் குடித்ததுதான் ஆச்சரியம். வாளியில் குடிப்பான், நாங்கள் தொழுகைக்கு ஒளு எடுக்கிற பைப்படியில் போய்க் குடிப்பான், பிறகு முற்றத்து மணலையெல்லாம் நனைத்து வைப்பான். பின்னங்கால்களைக் குதிகாலோடு நிலத்தில் பதித்து, கிழவன் மாதிரி நடந்தான்.

மாமிக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அவர்தான் ஒருநாள் பைப்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். "புள்ள, இவனுக்கும் என்ட வருத்தம்தான். எனக்குத் தொடங்கின மாதிரியே இருக்கி."

பூனைக்குச் சீனியா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். புத்தளத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் சிரிப்பு நின்றது. அவர் சிங்களப் பெண், தமிழ் நன்றாகவே கதைப்பார். சோதித்துவிட்டு, சீனிதான் என்று சொன்னார். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். பால் தேத்தண்ணியில் நனைத்த பாணும் பிஸ்கட்டும் கூடவே கூடாது. மீனும் கோழியும் மட்டும். பாணை நிறுத்தச் சொன்னதும் மாமியின் முகம் சுருங்கிப்போனது. யாருக்கும் தெரியாமல் கொடுத்துவந்தது அவர்தானே!

ஊசி போடுவது நான் பயந்த மாதிரி இல்லை. மீனில் வாய் வைத்ததும் கழுத்துத் தோலைத் தூக்கிப் போட்டுவிடலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. கஷ்டம் வந்தது, திரும்பவும் காட்டப் போன நாளில். கூடைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். கற்பிட்டி ரோட்டு முழுக்கக் கத்தினான். அங்கே போனால் பக்கத்துக் கதிரையில் ஒரு நாய். சீனி பார்த்தால் நானூறுக்கு மேலே!

மருந்தைக் கூட்டப்போகிறார் என்று நினைத்தேன். டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். "இந்தக் கணக்கை நம்பி நான் மருந்தைக் கூட்ட மாட்டேன். பூனை பயந்தா சீனி ஏறும். இதைப் பாத்துக் கூட்டினா, வீட்டில போய் அவன் அமைதியானதும் கீழ விழுந்திடும். உயிருக்கே ஆபத்து. வீட்டில, அவன் பயப்படாம இருக்கிற நேரம் நீங்களே பாருங்க."

எப்படிப் பார்ப்பது என்றும் காட்டினார். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். காதுக்குப் பின்னால் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு சின்னக் குத்து. ஒரு துளி போதும். முடிந்ததும் அவனுக்குப் பிடித்த ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். டொக்டர் செய்யும்போது எவ்வளவு லேசாக இருந்தது!

சீனி பார்க்கிற மீற்றர் எங்கள் வீட்டிலேயே இருந்தது. கணவர் உம்மாவுக்கென்று கட்டாரிலிருந்து அனுப்பியது. மாமிக்கு விரலில் குத்துவது என்றால் பயம். அது அலுமாரிக்குள் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. அன்றைக்குக் கொழும்பானுக்காகப் பிரித்தோம்.

முதல் நாள் துவாயில் சுற்றிப் பிடித்தேன். என் கையில் மூன்று கோடு கிழித்துவிட்டு அலுமாரிக்கு மேலே ஏறிக்கொண்டான். அடுத்த நாள் மீற்றரைக் கண்டதுமே ஓட்டம். குசினியில் கிடந்த வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தவனை, பொழுது சாய்ந்து மஃரிபு வரைக்கும் வெளியே எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. வளர்த்தவருடைய குரலைக் கேட்டால் அடங்குவான்தானே? கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்து போனை அவன் முன்னால் வைத்தேன். "டேய் கொழும்பான்..." என்று அவர் ஒரு தடவைதான் கூப்பிட்டார். இவன் துள்ளி எழும்பி, போனுக்குப் பின்னால் போய்த் தேடினான். கட்டிலுக்குக் கீழே தேடினான். வாசலுக்கு ஓடி ரோட்டைப் பார்த்துக் கத்தத் தொடங்கினான். இங்கே இவன் அழ, அங்கே அவர் அழ, நடுவில் ஊசியைப் பிடித்துக்கொண்டு நான்!

இனி நடக்காது என்று விட்டுவிட்டேன். பெருநாள் ஓடர்கள் வேறு குவிந்து கிடந்தன. மிசினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினேன். என்னுடையது கால்மிசின். கொஞ்ச நேரத்தில் காலடியில் ஏதோ அசைந்தது. பார்த்தால் கொழும்பான்! வெட்டுத் துணிக் குவியலில் தானாகவே வந்து சுருண்டு படுத்துவிட்டான். மிசின் ஓட ஓட அவன் கண் சொருகியது. யோசித்துப் பார்த்தால், அவன் எப்போதும் பகலில் தூங்குவது அங்கேதான். எனக்கு அது அவ்வளவு நாளும் மண்டையில் ஏறவில்லை.

மாமி வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் உள்ளே போய் சுடுதண்ணீர்த் துணியும் மீற்றருமாக வந்து, குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மிதிச்சிட்டே இரு புள்ள. நிப்பாட்டிராதே."

தன் விரலில் குத்தவே பயந்த மனுசி! காதைத் துணியால் ஒத்தினார். உதடு துஆவில் அசைந்தது. குத்தினார். கொழும்பானின் காது ஒரு தடவை துடித்தது, அவ்வளவுதான். கடுகு மாதிரி ஒரு சிவப்புத் துளி. மீற்றர் இருநூற்றுப் பத்து என்று காட்டியது. எங்கள் இரண்டு பேருக்கும் கூவ வேண்டும் போல இருந்தது, கூவ முடியுமா? நான் மிதித்துக்கொண்டே சிரிப்பை அடக்க, மாமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் மகன் வெளிநாடு போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

டொக்டருக்குச் சொன்னதும் அவருக்கும் சந்தோஷம். "பாத்தீங்களா? கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அதிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஊசிக்கு முந்தி நான் மிதிப்பேன், மாமி குத்துவார், பிறகு கொழும்பானுக்கு ஒரு துண்டு அவித்த கோழி. தைக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் வெறும் மிசினை மிதித்தேன். "இவன் தாங்குறான், நான் தாங்க மாட்டேனா" என்று மாமி தன் விரலிலும் குத்திப் பார்க்கத் தொடங்கினார்.

அப்படியே அரபா நாளும் வந்தது. விடிந்தால் பெருநாள். நான் நோன்பு. காலையில் கொழும்பானுக்குப் பார்த்தபோது கணக்கு சரியாகத்தான் இருந்தது. தின்றான், ஊசி போட்டோம். பின்னேரம் அசர் நேரம், பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு அக்கா, நாங்கள் ராத்தா என்போம், தன் அபாயாவை வாங்க வந்து, ஓரம் அடித்து முடியும் வரைக்கும் காத்துக்கொண்டிருந்தார். அப்போது கொழும்பான் உள்ளே வந்தான். கால் ஒன்றோடொன்று பின்னியது. குவியலில் ஏறப் பார்த்து, சரிந்து விழுந்தான். கண் அகலமாகத் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தினான்.

 சீனி ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வருத்தம் தொடங்கிய காலத்திலும் இப்படித்தானே தள்ளாடினான்? பின்னேர ஊசியை இப்போதே போட்டுவிடுவோம் என்று குசினிக்குள் ஓடினேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மருந்தைக் கையில் எடுத்தும் விட்டேன்.

"வை அதை!" மாமி கத்தினார். "எனக்கு ஒருக்கா சீனி குறைஞ்சு விழுந்தேனே, அப்பயும் இப்பிடித்தான். முதல்ல பாத்திட்டுப் போடு. வந்து மிதி!"

அந்த நிலையிலும் மிதிக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தேன். மிசின் தட்டுத்தடுமாறி ஓடியது. ராத்தா ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியின் மடியில் திமிறிக்கொண்டிருந்தவன் அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சம் தளர்ந்தான். மாமி காதில் குத்தினார்.

முப்பத்தெட்டு!

யா அல்லாஹ். அந்த ஊசியைப் போட்டிருந்தால் அவன் அங்கேயே முடிந்திருப்பான்.

"தேன் எடு புள்ள, ஓடு!" நான் தேன் போத்தலோடு வந்தேன். மாமி விரலில் தொட்டுத் தொட்டு அவன் பல் முரசில் தடவினார். நான் டொக்டருக்கு கோல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். "சரியாத்தான் செய்றீங்க. வாய்க்குள்ள ஊத்த வேணாம், புரைக்கேறும். தடவிக்கொண்டே இருங்க" என்றார். மாமி தடவினார். ராத்தா யாசீன் ஓதினார். நான் ஏன் என்று தெரியாமலே மிசினை மிதித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. திடீரென்று மாமி "ஆ!" என்று கத்தினார்.

"கடிச்சிட்டான்! புள்ள, என்ட விரலைக் கடிச்சிட்டான்! அல்ஹம்துலில்லாஹ்!"

கடிபட்ட விரலை உயர்த்திப் பிடித்து அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கொழும்பான் நாக்கை நீட்டித் தேனை நக்கினான். திரும்பவும் பார்த்தோம், எண்பது. ராத்தா அபாயாவை மறந்துவிட்டார். அவருடைய தம்பியின் ஓட்டோவைக் கூப்பிட்டு, கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு புத்தளம் வரைக்கும் வந்தார். வேலிக்குப் பின்னால் அவன் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. வெறும் வயிற்றில் மருந்து வேலை செய்திருக்கிறது.

ஆனால் டொக்டர் இன்னொன்றும் சொன்னார். வாந்தி மட்டும் காரணம் இல்லையாம். "இவன்ட உடம்பு திரும்ப இன்சுலின் செய்யத் தொடங்கியிருக்கு போல. மருந்தைக் குறைப்போம். நீங்க வீட்டில பாத்துச் சொல்லிக்கொண்டே இருங்க." குறைத்தார், இன்னும் குறைத்தார். இரண்டு மாதத்துக்குள் ஊசியையே நிறுத்தச் சொன்னார்! பூனைகளுக்குச் சில நேரம் அப்படிச் சரியாகுமாம், திரும்பி வரவும் கூடுமாம். அதனால் கிழமைக்கு ஒரு தடவையாவது பார்க்கச் சொன்னார். அந்தச் செய்தியைக் கட்டாருக்குச் சொல்ல எனக்கும் மாமிக்கும் போனுக்கு அடிபிடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில், "யாருக்கு என்ன நடந்தது?" என்று அவர் பயந்தே போய்விட்டார்.

கொழும்பான் அதற்குப் பிறகும் நல்ல சுகமாக இருந்து, என் கணவர் ஊருக்கு வந்த நாளில் அவர் தோளில் ஏறி உட்கார்ந்தான். இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், காய்ச்சல், வயிற்றுக்குத்து என்று எத்தனையோ வந்து போகின்றன. பதறிப்போய் மருந்தைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அன்றைக்குக் குசினியில் ஊசி மருந்தோடு நின்ற என் கை எனக்கு ஞாபகம் வருகிறது. உடனே அதைக் கீழே வைத்துவிட்டு, முதலில் என்னை அமைதிப்படுத்திக்கொண்டு, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்க்கிறேன்.