மாலை விழுந்த முகம்

1. எங்கள் கோயிலில் இருந்த, அம்புகள் தைத்த புனிதரின் படம் ஈரத்தில் பூஞ்சணம் பூத்து அழிந்தது.
2. புதிதாக வரைந்து தரும்படி பங்குத் தந்தையான சுவாமி என்னைக் கேட்டார்.
3. முகத்துக்கு என் அண்ணனை இருத்தி வரைந்தேன்.
4. சுவாமி படத்தைச் செபம் சொல்லி மந்திரித்து, பீடத்துக்கு அருகில் மாட்டினார்.
5. திருநாளன்று பெண்கள் அதற்கு மல்லிகை மாலை போட்டார்கள்.

பிழை மூன்றாவதில். கட்டட வரைபடம் வரைவது என் தொழில். தூணும் படியும் மனதிலிருந்து வரும், முகம் வராது. பழைய படத்தில் முகம்தான் முதலில் போயிருந்தது. மற்றதையெல்லாம் கட்டம் போட்டு அளந்தேன். ஒளிவட்டத்தின் மையம் இரு புருவங்களுக்கு நடுவில். மூன்று அம்புகளின் கோடுகளையும் நீட்டிப் பார்த்தால் கண்களில் வந்து சேரும். கையில் குருத்தோலை: விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர் என்பதற்கு அடையாளம். எங்கிருந்து பார்த்தாலும் பார்வை முகத்துக்கே திரும்பும்.

அதுதான் நடந்தது. எங்கள் வீடுகளில் இறந்தவரின் படத்துக்கே மாலை. அம்மா கோயில் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரடி மாலை போட்டது?"

"அது புனிதருக்கம்மா," என்றேன்.

"புனிதருக்கு என்ர பிள்ளையின்ர முகம் எதுக்கு?"

அண்ணன் சிரித்தான். "திருநாளெண்டு பந்தலும் போட்டு, சோறும் குடுத்தாச்சு. இனி நான் படுக்கிறதுதான் மிச்சம்."

மறுநாள் அவனுடைய படகுத் துணையாள் வலையைத் தூக்கவில்லை.

"கோவிக்காத மச்சான். மாலை விழுந்த முகத்தோட கடலுக்கு வர ஏலாது. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"அப்ப உன்ர மனிசியை அனுப்பு. அவ பயப்பிடமாட்டா."

துணையாள் சிரிக்கவில்லை. கரையில் கேட்ட வேறு நால்வரும் வரவில்லை. அது இருவர் போக வேண்டிய படகு; ஒருவர் இயந்திரத்தில், ஒருவர் வலையில். அண்ணன் தனியாகப் போகத் தொடங்கினான்.

நான் சுவாமியிடம் போனேன். முகத்தை மட்டும் மாற்றித் தருகிறேன், ஒரு நாள் போதும் என்றேன்.

"மந்திரிச்ச படத்தில கை வைக்க ஏலாது பிள்ளை. அதோட, இது வீண் பயம். நாங்களே இதுக்கு இடம் குடுக்கலாமோ?"

வீண் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தால் படகில் ஓர் ஆள் குறைவு. அது வீண் அல்ல.

திருநாள் முடிந்து இன்று ஒன்பதாம் நாள். வாடைக்காற்று எழும்பிவிட்டது, எதிரே சம்பூர்க் கரை மழையில் தெரியவில்லை. படம் அதே இடத்தில் இருக்கிறது. விடியப் போன அண்ணன், பகல் இரண்டு மணியாகியும் வரவில்லை. அவனுடைய போன் வேலை செய்யவில்லை.