சுருளுக்குப் பின்னால் ஒரு பல்லி

பல்லி எச்சம் விழுந்ததைத் தின்றவன் அரை மணி நேரத்தில் செத்துப்போவான் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பியவன் நான். அந்த அரை மணி நேரத்தை ஒருமுறை வாழ்ந்தும் பார்த்திருக்கிறேன்.

எண்ணூரில் கார்களைக் கப்பலேற்றும் ஜப்பான் கம்பெனி ஒன்றின் விருந்தினர் இல்லத்தை அப்போது கவனித்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்த வேலை. மாடி அறையில் பாய் விரித்து, மேனேஜர் அவ்வப்போது தேநீர்ச் சடங்கு நடத்துவார். அங்கே சுவரில் குழிவாக ஒரு மாடம். அதில் ஒரு காகிதச் சுருள் தொங்கும்: ஓரமெல்லாம் பட்டு, அடியில் உருட்டுக்கட்டை, நடுவில் தாரில் முக்கிய துடைப்பத்தால் இழுத்ததுபோல ஒரே ஒரு எழுத்து. ஜென் துறவி ஒருவர் எழுதியதாம். அர்த்தம் கேட்டேன். "சுத்தம்" என்றார் மேனேஜர். வருகிறவர்கள் அதன்முன் மண்டியிட்டு வணங்கிய பிறகுதான் டீ.

விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன்புதான் சுருளை மாட்ட வேண்டும், போனதும் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இது அவர் கட்டளை. அந்த ஞாயிற்றுக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வேண்டாமா என்று முடிவுசெய்யப் போகிறவர்களும் அவர்கள்தான். நானோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே சுருளை மாட்டிவிட்டேன்.

"இன்னாண்ணே, ஞாயித்துக்கெழம காலைலதானே மாட்டச் சொன்னாரு?" என்றான் கம்பெனி டிரைவர்.

"காலைல சர்ச்சுல பூசைக்கு யாரு போறது, உங்க நைனாவா?"

"பூசையா? குப்புறப் படுத்துத் தூங்கப் போறேன்னு சொல்லு."

இரண்டு நாள் பூட்டிய அறை, பட்டுத்துணிக்குப் பின்னால் இருட்டு. பல்லிக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிறன்று மேனேஜர் என்னையும் கடைசி ஆளாக உட்காரச் சொன்னார். பெரிய கௌரவம். மற்றவர்களைப் பார்த்து நானும் மண்டியிட்டுக் குனிந்தேன். மூக்குக்கு நேரே, மாடத்துப் பலகையில், ஐந்தாறு புழுக்கை. கறுப்பு, நுனியில் வெள்ளை. சுத்தம் என்ற எழுத்துக்கு நேர் கீழே! குமட்டியது. வாய் திறந்தால் வெள்ளிக்கிழமை வேலை வெளியே வந்துவிடும். வணங்குகிற சாக்கில் கையால் கூட்டி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியது. சுருள் லேசாக ஆடியது. பின்னாலிருந்து பல்லி வெளிப்பட்டுச் சுவரேறி, சரியாகத் தேநீர்க் கிண்ணத்துக்கு மேலே உத்தரத்தில் போய் நின்றது.

அதன்பிறகு நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிகளில் ஒருவர், இவன் ஏதோ தியானத்தில் இருக்கிறான் என்று நினைத்து மரியாதையாகத் தலையசைத்தார்.

டீ என்று வந்ததைப் பார்த்தேன். பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாசியை வழித்துக் குழைத்ததுபோலப் பச்சைக் கூழ். நாலு பேருக்கும் ஒரே கிண்ணம்! ஒருவர் உறிஞ்சி, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் தருகிறார். பெற்ற பிள்ளை கடித்த பிஸ்கட்டையே தொடாதவன் நான். மூன்று பேர் எச்சிலைத் தாண்டிக் கிண்ணம் என் கைக்கு வந்தபோது, அடியில் கறுப்பாக ஒரு கட்டி கிடந்தது.

கதவோரம் நின்ற டிரைவர் கிசுகிசுத்தான். "இன்னாண்ணே, மூஞ்சி பேஜாரா கீது?"

"பல்லிப் புழுக்கை வுழுந்துகீதுடா."

"அப்ப குடிக்காத."

"குடிக்கலன்னா வேலை போயிடும்."

"குடிச்சா நீயே போயிடுவே!"

நான்கு ஜோடிக் கண்கள் என்மீது. குடித்தேன். கட்டி நாக்கில் உடைந்து கசந்தது. கொஞ்ச நேரத்தில் கால்விரல்கள் மரத்தன, பிறகு முழங்கால். விஷம் கீழிருந்து ஏறுகிறது என்று முடிவுகட்டினேன். முக்கால் மணி நேரமாக மண்டியிட்டிருந்தது மண்டையில் ஏறவில்லை. வெளியே ஓட எழுந்தேன். கால்கள் என்னோடு வரவில்லை. மாடத்துக்குள் தலைகுப்புற விழுந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். கிண்ணத்தில் கிடந்தது சரியாகக் குழையாத தேயிலைத் தூள். பல்லி எச்சமிடவில்லை, நான் விழுந்த சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. சுருளின்மேல் விழுந்தது, காலையில் நான் தின்ற வடைகறி. மாதக் கடைசியில் என் ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை.